கோராவின் வரியில் எந்தப் பெயர்

"சார், இந்தக் கட்டத்துல ஒரு பேருதான் நிக்கும். ரெண்டு பேர் போட்டா வரி உடைஞ்சு கீழே ஓடிடுது. யார் பேரைப் போடட்டும்?"

கேள்வி இவ்வளவுதான். பைசாந்தியத் தேவாலயங்களின் அட்டவணை. ஊர், கட்டியவர், ஆண்டு, இன்றைய நிலை என்று நான்கு பத்தி. இஸ்தான்புல்லின் கோரா தேவாலயத்துக்கு, கரியே என்று துருக்கியர் அழைக்கும் அந்தக் கட்டடத்துக்கு, நான் சொன்ன பதில்: "தியோடோர் மெத்தோகிதெஸ், 1315–1321." பைசாந்தியப் பேரரசின் செல்வாக்கு மிக்க அதிகாரி அவர். பக்கம் வடிவமைப்பவர் தட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ கூரையெல்லாம் இவர் போட்டதுதானா சார்?" "பாதிக்கு மேல இவருடையதுதாம்மா" என்றேன்.

பரப்பளவை வைத்துப் பார்த்தால் அது சரி. மேற்கே வெளி முன்கூடம், ஏறக்குறைய 23 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அதற்கு உள்ளே இரண்டு சிறு குவிமாடங்களோடு உள் முன்கூடம். தெற்கே அடக்கச் சடங்குகளுக்கென்று எழுப்பிய நீண்ட சிற்றாலயம், அதன் மேல் சுமார் நாலரை மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். வடக்கே இரண்டடுக்கு இணைப்புக் கட்டடம். நடுக்கூடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் இருப்பதெல்லாம் மெத்தோகிதெஸ் செலவில் எழுந்தவை. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் தேடி வரும் மொசைக்குகளும் சுவரோவியங்களும் அவர் காலத்தவை. முன்கூடங்களில் மரியாளின் வாழ்க்கை, கிறிஸ்துவின் குழந்தைப் பருவம், அற்புதங்கள். சிற்றாலயத்தின் கிழக்குக் கோடியில், ஆதாமை ஒரு கையாலும் ஏவாளை மறு கையாலும் கல்லறையிலிருந்து இழுத்துத் தூக்கும் வெள்ளாடைக் கிறிஸ்து. இவையெல்லாம் ஆறேழு ஆண்டுக்குள் முடிந்த வேலை. ஒரே பெயர்தான் என்றால் இந்தப் பெயரைத் தவிர வேறு எதைப் போடுவது? அன்று அப்படித்தான் தோன்றியது. இன்றும் பாதி நேரம் அப்படித்தான் தோன்றுகிறது.

மீதிப் பாதி நேரம் நடுக்கூடத்தின் சுவர் கண்முன் வந்து நிற்கிறது.

கோராவின் நடுக்கூடத்துச் சுவரைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது மெத்தோகிதெஸுக்கு இருநூறு ஆண்டு முந்தையது என்று தெரிய ஏட்டுச் சான்று எதுவும் வேண்டாம். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் கான்ஸ்டாண்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், கொத்தர்களிடம் ஒரு கட்டுமுறை இருந்தது. ஒரு வரிச் செங்கல்லைச் சுவரின் முகத்துக்குச் சமமாக வைப்பார்கள். அடுத்த வரியைச் சற்று உள்ளே தள்ளி வைத்து, அதன் முகத்தைக் காரையால் மூடிவிடுவார்கள். மூன்றாவது வரி மறுபடி முகத்துக்கு வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுவிட்டு ஒரு வரிதான் கண்ணில் படும். செங்கல்லைவிடக் காரை இரண்டு மூன்று பங்கு தடிமனாகத் தெரியும். மறைந்த செங்கல் முறை என்று இதைச் சொல்லலாம். 14-ஆம் நூற்றாண்டில், மெத்தோகிதெஸின் கொத்தர்கள் வேலைக்கு வந்தபோது, இந்தப் பழக்கம் போய்விட்டிருந்தது. அவர்கள் சில வரி செங்கல், சில வரி வெட்டுக்கல் என்று மாற்றி மாற்றிப் பட்டை போட்டுக் கட்டினார்கள். கோராவின் தெற்கு முகப்பில் வெயில் படும் நேரம் அந்தச் சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் தூரத்திலிருந்தே தெரியும்.

இங்கே கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. தடித்த காரையைக் கண்டதும் மறைந்த செங்கல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பைசாந்தியக் கொத்தர்கள் எல்லாக் காலத்திலும் காரையைத் தாராளமாகவே போட்டார்கள். செங்கல் அளவுக்குக் காரையும் கனமாக இருப்பது சாதாரணம். செங்கல் பொடி கலந்த அந்தச் சுண்ணாம்புக் காரை மெதுவாக இறுகும். பாரம் ஏற ஏற நசுங்கி அமரும். பைசாந்தியக் கட்டடங்கள் கோணல்மாணலாக நிற்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே காரை உதிர்ந்த ஓரிடத்தைத் தேட வேண்டும். அங்கே ஒரு மெல்லிய எஃகு அளவுகோலை உள்ளே விட்டால், சில சென்டிமீட்டர் தள்ளிச் செங்கல் தட்டுப்பட வேண்டும். தட்டினால் அது 11 அல்லது 12-ஆம் நூற்றாண்டுக் கை. காரை முழுக் கனத்துக்கும் தொடர்ந்து உள்ளே போனால் அது வேறு காலம். மேலே சிமென்ட் பாயிண்டிங் செய்துவிட்டால் இந்தச் சோதனைக்கே வழியில்லை. பழைய சுவருக்குச் சிமென்ட் ஆகாது என்பதற்கு ஈரம், உப்பு என்று பல காரணங்கள் சொல்வார்கள். சுவரின் வயதைச் சொல்லும் ஒரு தடயத்தை அது அடைத்துவிடுகிறது என்பதை நான் அவற்றோடு சேர்ப்பேன்.

இன்னொரு தடயம், இரண்டு சுவர் சந்திக்கும் மூலை. ஒரே காலத்தில் கட்டிய சுவர்கள் பல் விட்டு ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். பின்னால் வந்த சுவர் முன்னதின் மேல் வெறுமனே சாய்ந்து நிற்கும். நேர்க்கோடாக ஒரு சந்து விழும். அஸ்திவாரம் தனித்தனி என்பதால் இரண்டும் ஒரே அளவில் இறங்காது. நூற்றாண்டு போகப் போக அந்தச் சந்து திறந்துகொள்ளும். கோராவில் சிற்றாலயம் நடுக்கூடத்தோடு இப்படித்தான் ஒட்டி நிற்கிறது. உள் முன்கூடத்தின் தெற்குக் குவிமாடம் வடக்கில் இருப்பதைவிடப் பெரிது. வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் வராது. ஏற்கெனவே நின்ற கட்டடத்தைச் சுற்றி இடம் கிடைத்தபடி கட்டினால் இப்படித்தான் அமையும்.

அந்த ஏற்கெனவே நின்ற கட்டடம் யாருடையது என்பதில்தான் என் கட்டம் திணறுகிறது.

மெத்தோகிதெஸின் மாணவர் நிக்கெஃபோரஸ் கிரெகோரஸ் எழுதிய வரலாறு ஒரு வரிசையைத் தருகிறது. முதலில் பேரரசர் ஜஸ்டினியன். அது இடிந்தபின் பேரரசர் அலெக்சியோஸ் கொம்னெனோஸின் மாமியார் மரியா டூகைனா அடித்தளத்திலிருந்து திரும்ப எழுப்பினார். அதுவும் சிதைந்தபோது மெத்தோகிதெஸ் நடுப்பகுதியைத் தவிர மற்றதையெல்லாம் புதுப்பித்தார். கோரா ஒரு மடத்தின் தேவாலயம்; கிரெகோரஸ் அந்த மடத்திலேயே வாழ்ந்தவர். ஆசிரியர் மீது பெரும் மதிப்புக் கொண்டவர். அவரே "நடுப்பகுதியைத் தவிர" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தவிர்ப்பு எனக்கு அன்றும் தெரியும். தெரிந்துதான் மெத்தோகிதெஸ் என்றேன்.

மரியா டூகைனாவின் பணி 1077-க்கும் 1081-க்கும் இடையில் நடந்ததாகக் கணிக்கிறார்கள். நான்கு தூண்கள் தாங்கும் சிறிய குவிமாடம் கொண்ட கோவில் அது. ஆனால் இன்று நிற்கும் நடுக்கூடத்தில் நான்கு தூண்கள் இல்லை. மூலைகளில் நான்கு கனத்த கட்டுத்தூண்கள், அவற்றின் மேல் அகன்ற வளைவுகள், அதற்கும் மேல் 7 மீட்டருக்குக் கூடுதலான விட்டத்தில் குவிமாடம். 1957, 1958-இல் டேவிட் ஓட்ஸ் செய்த அகழாய்வுதான் இதைத் தெளிவாக்கியது. கோரா நிற்பது கிழக்கு நோக்கிச் சரியும் மேட்டில். பழங்கால அடித்தளக் கட்டுமானங்களின் மேல் கிழக்குக் கோடி அமர்ந்திருக்கிறது. மரியா டூகைனாவின் கோவில் அரை நூற்றாண்டுகூட ஆவதற்குள் அந்தக் கோடி கீழே இறங்கிப் பிளந்தது. பேரரசர் அலெக்சியோஸின் மகன் ஐசக் கொம்னெனோஸ் 1120-ஐ ஒட்டி அதை எடுத்துக் கட்டினார். கிழக்குக் கோடியில் புடைத்து நிற்கும் அரைவட்டச் சுவரை அகலமாக்கி, தூண்களை எடுத்துவிட்டு, பாரத்தை மூலைக் கட்டுத்தூண்களுக்கு மாற்றினார். சரிவில் நிற்கும் கட்டடத்துக்குச் சரியான வைத்தியம்தான் அது. அப்படியும் சரிவு விடவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் கிழக்கு அரைவட்டத்துக்கு வெளியே ஒரு வில்முட்டுச் சுவரை முட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. இன்றும் பின்பக்கம் போய் நின்றால் முதலில் தெரிவது அதுதான்.

கிரெகோரஸ் ஐசக்கைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. சுவர் மட்டும் சொன்னது என்றிருந்தால் என் மனம் இவ்வளவு உறுத்தாது. சுவர் படிக்கத் தெரிந்தவர்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஐசக்கை அந்தக் கட்டடத்துக்குள் படமாக வைத்தவர் மெத்தோகிதெஸே.

உள் முன்கூடத்தின் தெற்குப் பகுதியில், கிழக்குச் சுவரில், கோராவிலேயே மிகப் பெரிய மொசைக் படம் இருக்கிறது. கிறிஸ்துவும், அவரிடம் மன்றாடும் மரியாளும். வழக்கமாக மறுபக்கம் நிற்கும் திருமுழுக்கு யோவான் இதில் இல்லை. மரியாளின் காலடியில் சிறிய உருவமாக ஒருவர் கைநீட்டி வேண்டுகிறார். பக்கத்தில் எழுத்து: பேரரசர் அலெக்சியோஸ் கொம்னெனோஸின் மகன் ஐசக். கிறிஸ்துவின் காலடியில் ஒரு துறவி, மெலனே; மங்கோலியரின் சீமாட்டி என்று அழைக்கப்பட்டவர், பேரரசர் எட்டாம் மிகயேலின் மகள், ஈரானின் மங்கோலிய ஆட்சியாளர் அபாக்காவுக்கு வாழ்க்கைப்பட்டுத் திரும்பியவர். ஐசக் இறந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவரை அங்கே வை என்று மெத்தோகிதெஸை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. பணம் அவருடையது, கைவினைஞர் அவருடையவர், சுவர் அவருடையது. ஆனாலும் முந்தைய ஆளுக்கு இடம் விட்டார். நான் என் கட்டத்தில் விடவில்லை.

இந்த இடத்தில் என் பக்கமும் சொல்ல வேண்டும். ஐசக்கை அங்கே வைத்தது நன்றி மட்டுமல்ல. மெத்தோகிதெஸ் அரச ரத்தம் இல்லாதவர். அவருடைய தந்தை ஆட்சியாளரோடு மோதிப் பதவியிழந்து சிறைப்பட்ட மதகுரு. கொம்னெனோஸ் குலத்து இளவரசர் ஒருவர் உங்கள் மடத்தின் பழைய புரவலர் என்றால் அந்தப் பெருமை உங்களுக்கும் வந்துசேரும். அதே முன்கூடத்தில், நடுக்கூட வாசலுக்கு நேர் மேலே, யாரும் தலை நிமிர்ந்தால் பார்க்கும் இடத்தில் மெத்தோகிதெஸ் தன்னை வைத்துக்கொண்டார். தலையில் உப்பிய பெரிய தொப்பி, பூவேலை அங்கி, மண்டியிட்ட நிலை, கையில் தேவாலயத்தின் சிறு உருவம்; அதை அமர்ந்திருக்கும் கிறிஸ்துவிடம் நீட்டுகிறார். எழுத்தில் "நிறுவியவர்" என்ற பட்டமும் பேரரசின் வரி நிர்வாகத் தலைவர் என்ற பதவியும். ஐசக்குக்குப் பெரிய படத்தின் ஓரம். தனக்கு வாசலின் உச்சி. இதை மரியாதை என்றும் படிக்கலாம், கணக்கு என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டுமாகப் படுகிறது. மரியா டூகைனாவுக்கு எங்கும் இடமில்லை என்பது கணக்கு என்ற பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது.

அவர் நீட்டும் அந்தச் சிறு உருவத்தைத்தான் என் அட்டவணை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது என்று ஒரு நினைப்பு வருகிறது. 'நிறுவியவர்' என்று அவரே எழுதிவைத்தார். நானும் 'கட்டியவர்' என்று எழுதிவிட்டேன். எழுநூறு ஆண்டு முன்பு ஒரு செல்வந்தர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதைச் சோதிக்க என் கையில் செங்கல் இருந்தது, அகழாய்வு இருந்தது, அவருடைய மாணவரின் வாக்குமூலமே இருந்தது. அந்தச் செல்வம் வந்த வழியும் தெரிந்ததுதான். பேரரசு ஆசியாவில் நிலத்தை இழந்துகொண்டிருந்தபோது வரி நிர்வாகம் அவர் கையில் இருந்தது. பதவிகளை விற்றார், மக்களைப் பிழிந்தார் என்று அவர் காலத்திலேயே பழி எழுந்தது. பெயரைப் போடும்போது அந்த வரி கட்டியவர்களும் நினைவுக்கு வரவேண்டும்.

சரி, ஐசக் என்று போட்டிருந்தால்? அதற்கும் சுவரே பதில் சொல்லிவிடாது. ஐசக் தன் கல்லறையைக் கோராவில்தான் அமைத்திருந்தார். பிறகு திரேஸில், இன்றைய பெரெஸ் ஊரில், கொஸ்மோசோத்தெய்ரா மடத்தை நிறுவி, 1152-இல் அதற்கு எழுதிய விதிநூலில் கோராவின் கல்லறையைப் பெயர்த்து அங்கே கொண்டுவரச் சொன்னார். அவர் கோராவை விட்டுவிட்டுப் போனவர். மெத்தோகிதெஸ் திரும்பி வந்தவர். 1328-இல் மூன்றாம் ஆண்ட்ரோனிகோஸ் ஆட்சியைப் பிடித்தபோது அவருடைய மாளிகை சூறையாடப்பட்டது, அவர் டிடிமோதெய்கோவுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கிருந்து கோராத் துறவிகளுக்கு, மடத்தின் நூல்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதினார். 1330-இல் தலைநகருக்கு வர அனுமதி கிடைத்ததும் இந்த மடத்துக்குத்தான் வந்து தியோலெப்தோஸ் என்ற பெயரில் துறவியானார். 1332 மார்ச்சில் இங்கேயே இறந்தார். ஒரு கட்டடத்துக்கு ஒரே பெயர் என்றால், அதைக் கடைசிவரை விடாதவர் பெயரைப் போடுவதில் நியாயம் இல்லையா என்று கேட்டுக்கொள்கிறேன். நியாயம் இருக்கிறது. அட்டவணையில் 'விடாதவர்' என்று பத்தி இல்லை என்பதுதான் சிக்கல்.

வடிவமைப்பவர் கேட்ட இரண்டாவது கேள்வி இவை எல்லாவற்றையும்விட நேரானது. கூரை. கோவிலின் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒருவருக்குத் தெரியும் பெரிய குவிமாடம் ஐசக்குடையதும் அல்ல, மெத்தோகிதெஸுடையதும் அல்ல. சன்னல்கள் சூழ்ந்த கழுத்துப் பகுதி மெத்தோகிதெஸ் காலத்தது. மேல் மூடி இடிந்து விழுந்தபின் உதுமானியர் காலத்தில் மரச்சட்டம் கட்டிப் பூசி எழுப்பியது. அப்போது அது மசூதி. 1511-ஐ ஒட்டி, இரண்டாம் பயேசித்தின் தலைமை அமைச்சர் அதீக் அலி பாஷா மாற்றினார். தென்மேற்கு மூலையில் மணிக்கூண்டு நின்ற இடத்தில் மினாரட் எழுந்தது. நிலநடுக்க நகரத்தில் செங்கல் குவிமாடம் போன இடத்தில் மரத்தைப் போட்டது மிகவும் புத்தியான முடிவு. எடை குறைவு, பக்கவாட்டு உதைப்பு குறைவு, கீழே இருக்கும் 12-ஆம் நூற்றாண்டு வளைவுகளுக்கு ஓய்வு. நடுக்கூடம் இன்று நிற்பதில் அந்தத் தச்சர்களுக்குப் பங்கு உண்டு. அவர்கள் பெயர் எங்கும் இல்லை. கொத்தர்கள் பெயரும் இல்லை; பொன் சில்லுகளைக் காரையில் பதித்த கைகளின் பெயரும் இல்லை. "இவர் போட்டதுதானா" என்று கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்கலாம். பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரத்தில் "பாதிக்கு மேல" என்ற பதில் போதும் என்று நினைத்தேன். அந்த நேரத்துக்கு அது போதுமானதுதான்.

'இன்றைய நிலை' பத்தியில் இந்தத் தொல்லை இல்லை. 1945-இல் அருங்காட்சியகமாக்க அரசு முடிவு. 1940-களின் பிற்பாதியிலிருந்து 1958 வரை தாமஸ் விட்டெமோர், அவருக்குப் பின் பால் அண்டர்வுட் தலைமையில் சுத்திகரிப்பு, வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து சிற்றாலய ஓவியங்கள் வெளிப்பட்டது. 2020-இல் மறுபடி மசூதியாக ஆணை. 2024 மே மாதம் தொழுகைக்குத் திறப்பு. நான்கு ஆண்டும் ஒரே கட்டத்தில் வரி உடையாமல் அடங்கின. நிலை மாறலாம் என்று ஒப்புக்கொள்ளும் அட்டவணை, கட்டியவர் மாறலாம் என்று ஏன் ஒப்புக்கொள்வதில்லை என்று அவரிடம் கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை. அவர் வரைந்த கட்டம் அல்ல அது.

மாணவர்களை நினைத்தால் மறுபடி பழைய முடிவுக்கே வருகிறேன். "ஐசக், சுமார் 1120" என்று அச்சிட்டால், பக்கத்தில் மொசைக் படத்தைப் பார்க்கும் மாணவர் அந்த ஓவியப் பாணியை 12-ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் வைப்பார். ஓவிய வரலாற்றில் அது இருநூறு ஆண்டுப் பிசகு. அந்த நெகிழ்ந்த உடல்கள், காற்றில் பறக்கும் துணி, பின்னணியில் குவியும் கட்டடங்கள் எல்லாம் 1261-இல் இலத்தீனியரிடமிருந்து, அதாவது நகரத்தைப் பிடித்திருந்த மேற்கு ஐரோப்பியரிடமிருந்து, அதை மீட்டபின் வளர்ந்தவை. "மெத்தோகிதெஸ், 1315–1321" என்று அச்சிட்டால் பிசகு சுவரில் விழும். சுவரைப் பார்த்து வயது சொல்லும் மாணவர்கள் குறைவு. படத்தைப் பார்த்துச் சொல்பவர்கள் அதிகம். குறைந்த சேதம் என்று பார்த்தால் என் தேர்வு நிற்கும். ஆனால் குறைந்த பேர் பார்ப்பதால் ஒரு பிசகை ஏற்கலாம் என்றால், சுவரைப் பார்க்கும் ஆட்கள் இன்னும் குறைந்துதான் போவார்கள். இதைத் தாண்டி எனக்கு நகரத் தெரியவில்லை.

அட்டவணையில் அடுத்த வரி அதே நகரத்தின் பம்மகரிஸ்தோஸ். முதன்மை ஆலயம் 12-ஆம் நூற்றாண்டு, கொம்னெனோஸ் குடும்பத்தார் கட்டியது. தெற்குச் சிற்றாலயம் தளபதி மிகயேல் கிளபாஸ் தர்கானியோதெஸின் அடக்கத்துக்காக அவர் மனைவி 1310-ஐ ஒட்டி எழுப்பியது. மொசைக்குகள் இருப்பது சிற்றாலயத்தில்தான். அவை கோராவின் மொசைக்குகளுக்கு நெருங்கிய உறவு. கோராவுக்குச் சொன்ன நியாயப்படி இதற்குக் கிளபாஸ் குடும்பத்தின் பெயர் மட்டும் வரவேண்டும். நான் இரண்டு பெயரும் சொன்னேன். அவர் எழுத்தளவைக் குறைத்து இரண்டையும் அடக்கினார். அடக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. கோரா வரிக்குத் திரும்பிப் போய் அப்படியே செய்யச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் வாயெடுத்தேன். மறுபடி யோசித்தேன். அங்கே இரண்டு பெயர் போட்டால் மூன்றாவது பெயராக மரியா டூகைனாவை எந்த முகத்தோடு விடுவது?